புதுச்சேரியின் பழைய வீட்டில் எத்தனை அறை விடலாம்?

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால், தேடி வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட நினைப்பவர் ஒருவர். வீட்டைச் செப்பனிட்டு, காலைச் சிற்றுண்டியோடு அறை விடும் தங்கும் வீடாக மாற்ற நினைப்பவர் இன்னொருவர். இரண்டாமவர் கைக்குப் போனால் வீடு தப்பித்தது என்று நிம்மதி அடைகிறோம். அது அவசரப்பட்ட நிம்மதி. நூறு வருடத்துக்கு மேல் நின்ற மச்சு (மர உத்திரங்கள் தாங்கும் மாடித் தளம்), விடுதியான சில வருடங்களிலேயே தொய்ந்துபோகலாம். உத்திரத்தின் நுனி சுவருக்குள்ளேயே உளுத்துப்போகலாம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அறைக்கு ஒரு குளியலறை.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீரைப் பின்கட்டிலும் கிணற்றடியிலும் நிறுத்திவைத்தார்கள். மாடிக்குத் தண்ணீர் போனதே இல்லை. போனாலும் குடத்தில் போகும். மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, தரைக்கடியில் ஓடும் வடிகால் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். சுண்ணாம்பும் செங்கலும் மரமும் இத்தனை காலம் தாங்கியதன் ரகசியம் இந்த ஒழுங்குதான். குடியிருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பொறியாளர்கள் வைக்கும் கணக்கு. தங்கும் விடுதியில் படுக்கைக்கு 180 லிட்டர் என்று வைப்பார்கள். ஐந்து பேர் குடும்பம் 675 லிட்டர் புழங்கிய இடத்தில், ஆறு அறை, பன்னிரண்டு விருந்தினர் என்று ஆகும்போது 2,160 லிட்டர் புழங்குகிறது. அதில் பாதி, இதுவரை ஈரமே படாத மாடியில்.

ஆகவே பழைய வீட்டை வாங்கியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை அறை விட்டால் போட்ட முதல் திரும்பும் என்பதல்ல. எந்தெந்த இடத்தில் இந்த வீடு தண்ணீரைத் தாங்கும் என்பதுதான். அறைகளின் எண்ணிக்கை அதற்கான பதிலிலிருந்து வர வேண்டும். மூன்று என்று வீடு சொன்னால் மூன்றுதான்.

வீட்டின் கட்டமைப்பு

1761இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. அதற்கு முந்தைய வீடுகளில் மிஞ்சியவை மிகக் குறைவு. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அவற்றில் ஒன்று. இன்று நாம் பார்க்கும் தமிழர் வீடுகளில் பெரும்பாலானவை நகரம் மறுபடி எழுந்த பிறகு, குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவை. தெருவோடு ஒட்டி ஒல்லியான மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம் இருக்கும். வழிப்போக்கரும் அதில் ஒதுங்கலாம். அதை ஒட்டித் திண்ணை, பிறகு செதுக்கிய நிலைக்கதவு, நடை, சுற்றிலும் தூண்கள் வைத்த முற்றம், அறைகள், பின்கட்டு. மாடி வைத்த வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு: கீழே முழுக்கத் தமிழ் வீடு, மேலே வளைவு சன்னல், சுவரில் ஒட்டிய அரைத்தூண், கைப்பிடிச் சுவர் என்று பிரெஞ்சு முகம். இரண்டு வீட்டுக்கு நடுவே சந்து கிடையாது, பொதுச்சுவர்தான்.

இந்த அமைப்பு தங்கும் வீட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. முற்றத்தைச் சுற்றி அறைகள் தனித்தனியாகத் திறக்கின்றன, கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம், திண்ணையே வரவேற்பறை. பல வாரிசுகள் இருக்கிற வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தால் முற்றம் செத்துப்போகும். ஒரே வீடாக நடத்தி வருமானத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்பதால், பாகப்பிரிவினையில் சிக்கிய வீட்டுக்கும் இது ஒரு வழி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கும் வீட்டுத் திட்டமும் ஒன்று முதல் ஆறு அறை வரைதான் அனுமதிக்கிறது. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்கிறது. இந்த நிபந்தனையைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். கூரையில் முதல் ஈரப்புள்ளி தெரியும்போது பார்ப்பவர் அங்கேயே தூங்கி எழுகிறவராக இருந்தால், வேலை ஆயிரங்களில் முடியும். மாதம் ஒருமுறை வந்து போகிறவராக இருந்தால் லட்சங்களில்தான் முடியும்.

வாங்குவதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டியவை

ஒரு டார்ச், ஒரு சிறு சுத்தியல், கூரான ஊசி உளி, தூக்குக்குண்டு, நூல். இவ்வளவு போதும். மழை நின்ற மறுவாரம் போய்ப் பார்ப்பது உத்தமம். மே மாதத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும்.

உத்திரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து மரம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று மகிழ்வதில் பயனில்லை. மரம் கெடுவது சுவருக்குள் நுழையும் கடைசி ஓரடியில். அங்கே ஊசி உளியை அழுத்துங்கள். அரை அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் உள்ளே மரம் இல்லை, தூள்தான். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது பொதபொதவென்று சொல்லும். சுவரோரம் நூல் கட்டி மச்சின் தொய்வை அளக்கலாம். சில வீடுகளில் மரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் போட்டிருப்பார்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்து ஊதும். அதன் மேல் நேர்க்கோட்டில் வெடிப்பு ஓடினால், வெடிப்பை அடைத்துப் பயனில்லை, கர்டரைத்தான் கவனிக்க வேண்டும்.

மொட்டை மாடியில் ஒரு மூலையைக் கொத்தி, எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தின் மேலேயே புதுக் கான்கிரீட் போடுவது நம் ஊர் வழக்கம். இரண்டு அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல் எடை. 12க்கு 15 அடி அறையின் தலையில் அது ஏறக்குறைய இரண்டு டன். மூன்று முறை போட்டிருந்தால் ஆறு டன். மச்சு தொய்ந்திருப்பதற்கு மரத்தின் வயதைக் காரணம் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் அந்தச் சுமையை இறக்கினாலே மரம் மிச்சக் காலத்துக்குத் தாங்கும்.

மெட்ராஸ் ஒட்டு

மாடித் தளத்தைக் கொத்தனார்கள் மெட்ராஸ் ஒட்டு என்பார்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டங்கள் ஓடும். அவற்றின் மேல் 6க்கு 3 அங்குலம், ஓரங்குல கனமுள்ள சிறிய மச்சுக்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவிட்டமாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை கிடையாது, முட்டும் கிடையாது. அறையின் ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கல்லையும் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து முந்தைய வரிசையோடு அழுத்திப் பிடிக்க, சாந்தின் பிடிப்பிலேயே கல் நிற்கும். ஒரு வரிசை இறுகினால்தான் அடுத்தது. அவசரக்காரருக்கு இந்த வேலை வராது.

கல் ஒட்டி முடித்து நன்றாகக் காய்ந்த பின் அதன் மேல் செங்கல் ஜல்லி. மூன்று பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு தாளித்த (தண்ணீர் விட்டு நீர்க்க வைத்த) சுண்ணாம்பு என்ற விகிதத்தில் கலந்து நான்கைந்து அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள். இது ஒரு நாள் வேலை அல்ல, நாள்கணக்கில் நடக்கும். அடித்த கட்டை தடம் பதிக்காமல் துள்ளி எழும்பும் வரை நிறுத்தக் கூடாது. இதில் குறைக்கும் ஒவ்வொரு நாளும் பிறகு ஒழுக்காகத் திரும்பி வரும், ஏனென்றால் தண்ணீரைத் தடுப்பது மேலே பதிக்கும் தட்டோடு (தட்டை ஓடு) அல்ல, அடித்து இறுக்கிய இந்த ஜல்லிதான். கடைசியில் தட்டோடு பதித்து, இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி, அறுபது அடிக்கு ஓரடியாவது சரிவு விட்டுத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

பழுது பார்க்கும்போது முழுத் தளத்தையும் உடைக்க அவசியம் இல்லை. உளுத்த சட்டத்தின் இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, அந்தப் பட்டையை மட்டும் பிரித்துச் சட்டத்தை மாற்றலாம். நுனி மட்டும் போயிருந்தால், நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, அதே சாதி மரத்தில் சாய்வு வெட்டுப் போட்டுப் புது நுனி சேர்த்து, இரு பக்கமும் துருப்பிடிக்காத இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முறுக்குவார் விஷயம் தெரிந்த ஆசாரி. புதிய நுனியைச் சுவரில் வைக்கும்போது கீழே கருங்கல் தாங்குகல் வைத்து, மரத்தைச் சுற்றி அரை அங்குலம் காற்று இடைவெளி விடுங்கள். சுத்தமாக அடைத்துப் பூசினால் வேலை நேர்த்தியாகத் தெரியும். ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய கதையே மறுபடி தொடங்கும்.

கூரை வேலையை ஜனவரியில் தொடங்கி, கோடை மழைக்கு முன் ஜல்லியை அடித்து முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். பாதி பிரித்த கூரையோடு அதை எதிர்கொள்வதைவிட ஒரு வருடம் தள்ளிப்போடுவது மேல்.

சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

கடற்கரையிலிருந்து இந்தத் தெருக்கள் சிறிது தூரம்தான். நிலத்தடி ஈரம் உப்போடு அடிச்சுவரில் ஏறி, மூன்று நான்கு அடி உயரம் வரை வந்து, பூச்சு வழியாக ஆவியாகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். அதன் இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளிவராது. ஆனால் ஏறுவது நிற்காது. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி விரிந்து, செங்கலின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு சிமென்ட் பாளம் பாளமாக விழும். கிரானைட் பலகையோ டைல்ஸோ ஒட்டி மறைத்தால், இதுவரை மூன்றடியில் நின்ற ஈரம் ஆறடிக்கு ஏறி அறைக்குள் தலைகாட்டும். தரை முழுக்கக் கான்கிரீட் போட்டு மெருகு டைல்ஸ் பதித்தாலும் இதேதான்: தரைவழி வெளியேறிய ஈரமும் சுவரைத் தேடி வரும்.

சரியான வழி மெதுவானது. கறைக்கு மேல் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை ஓரங்குலம் சுரண்டுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். சுவர் சில மாதம் திறந்தபடி உலரட்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் வைத்து மலிவான ஒரு பூச்சு. இது பலிப் பூச்சு: உப்பை உறிஞ்சுவதே இதன் வேலை, ஆறு மாதம் ஒரு வருடத்தில் இதை உரித்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் நிலையான பூச்சு. இந்த இடைவெளியை வேலைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள்தான், திறப்பு விழா முடிந்த முதல் மழைக்காலத்திலேயே சுவரை மறுபடி கொத்துகிறார்கள்.

சுண்ணாம்பைத் தாளித்து, சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊறவிட வேண்டும். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. தாளிக்காத கட்டி ஒன்று சாந்தில் தங்கினாலும், பூசிய பின் அது ஈரம் பட்டு வெந்து, சுவரில் அம்மைத் தழும்புபோல் குழி வைக்கும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு இறுகுவது. அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் படக்கென்று காய்ந்தால் இறுகாது, மாவாக உதிரும். பூசிய சுவரில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு பத்து நாளாவது நனைத்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். மேலே அடிக்க வேண்டியது நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை, நான்கைந்து கைகள். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால், அது சுவருக்குப் போர்த்திய பாலித்தீன் உறைதான், மழைக்காலத்தில் கொப்புளிக்கும்.

குளியலறைகள்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வீட்டின் வரைபடத்தை எடுத்து, பின்கட்டிலும் கிணற்றடியிலும் பிற்காலத்தில் சேர்த்த கட்டடங்களை நிழலிடுங்கள். பல வீடுகளில் 1950க்குப் பிறகு பின்பக்கம் ஏதாவது ஒரு கான்கிரீட் அறை முளைத்திருக்கும். அழகில்லை என்று அதை முதல் நாளே இடித்துவிடுகிறார்கள். இடிக்காதீர்கள். அது திடமாக இருந்தால், ஈரத்துக்கு அதுவே சரியான இடம். அதைக் குளியலறை வரிசையாக மாற்றி, மாடியிலும் அதன் தலைக்கு மேலேயே இன்னொரு வரிசை வையுங்கள். கீழே குளியலறை, மேலே குளியலறை, இரண்டுக்கும் ஒரே குழாய்ப்பாதை, அது வெளிச்சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி. மாடிக் குளியலறைக்குக் கீழே ஒருவர் படுக்கும் அறையோ, மர மச்சோ வரவே கூடாது.

புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்றால், அதற்கென்று தனித் தூண்கள், தனி அடித்தளம். பழைய சுவரில் புதுத் தளத்தைச் செருகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஓரங்குல இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் மூட வேண்டும். பழைய சுவர் ஒரு வேகத்தில் அமுங்கியிருக்கும், புதுக் கட்டடம் வேறு வேகத்தில் அமுங்கும்.

அடுத்தது எடை. வழக்கமான அடுக்குமாடியில் செய்வதுபோல் குளியலறைத் தளத்தை ஓரடி தாழ்த்தி, குழாய்களைப் போட்டு, மேலே செங்கல் துண்டு கொட்டி நிரப்பினால், 5க்கு 7 அடிக் குளியலறையில் அந்த நிரப்பல் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் போகும். அடியில் உள்ள குழாய் கசிந்தால் தெரியவே பல மாதம் ஆகும். அதுவரை நிரப்பல் முழுக்க ஊறிக்கொண்டிருக்கும். இதற்கு மாற்று எளிது. தளத்தைத் தாழ்த்தாமல், குளியலறையை ஒரு படி உயர்த்துங்கள். கழிவறைக் கோப்பை வாங்கும்போது கழிவு பின்பக்கமாக, சுவர் வழியாக வெளியேறும் பி-ட்ராப் வகையைக் கேளுங்கள். தரையைத் துளைத்து இறங்கும் எஸ்-ட்ராப் வேண்டாம். குளிக்கும் இடத்தின் நானி ட்ராப்பும் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) வெளிச்சுவரை ஒட்டியே இருக்கட்டும். எந்தக் குழாயும் தளத்துக்குள் ஆறடிக்கு மேல் படுக்கையாக ஓடக் கூடாது.

நீர்க்காப்புப் பூச்சை தரையோடு நிறுத்திவிடுவது பரவலான தவறு. குளிக்கும் பக்கம் அது சுவரில் ஆறடி ஏற வேண்டும், மற்ற பக்கம் ஓரடி. டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி மூன்று நாள் விட்டுக் கீழே பாருங்கள். ஒப்பந்தக்காரர் ஒரு நாள் போதும் என்பார். தளத்தில் ஊறிக் கீழே வெளிவர ஒரு நாள் போதாது.

தண்ணீர்த் தொட்டி மெட்ராஸ் ஒட்டின் மேல் உட்காரவே கூடாது. 2,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் இரண்டு டன், அதுவும் நான்கைந்து அடி விட்டமுள்ள வட்டத்தில். தரைக்கடியில் சம்ப் கட்டி, அழுத்த மோட்டார் வைத்து ஏற்றுங்கள். மேலே ஒரு தொட்டி வேண்டும் என்றால் அது புதுக் கான்கிரீட் தூண்களின் தலையில் இருக்கட்டும். கீசரைப் பழைய சுவரில் மாட்டுவதும் ஆபத்து. சுண்ணாம்புச் சாந்துக்குள் விரிவு போல்ட் பிடிக்காது. தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசர் ஒரு சிறுவனின் எடை இருக்கும். புதிதாகக் கட்டிய குளியலறைச் சுவரில் மாட்டுங்கள்.

ஒன்றரை இரண்டடி கனச் சுவர்தானே என்று குழாய்க்கும் ஒயருக்கும் படுக்கையாகக் காடி வெட்டும் பழக்கம் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் பலம் செங்கல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதில்தான் இருக்கிறது. படுக்கைவாட்டில் வெட்டினால் அந்த உட்காரும் இடமே குறைகிறது. ஒயரை மரச்சட்டங்களின் ஓரமாக, வெளியில் தெரியும்படி குழாயில் கொண்டுபோகலாம். பழைய காலத்து மின்வேலை எல்லாம் அப்படித்தான் இருந்தது, பார்க்கவும் அழகு.

ஏசியின் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புதுச்சேரியின் காற்றில் ஒரு ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வடிக்கக்கூடும். ஆறு அறை, பத்து மணி நேரம் என்றால் தினமும் அறுபது லிட்டர். அதை வெளிச்சுவரில் ஒழுகவிட்டால் ஒரே வருடத்தில் பாசிக் கோடு, பிறகு ஈரச் சுவர். எல்லா ஏசிக்கும் சேர்த்து ஒரு வடிகுழாய் போட்டு வாளியிலோ சம்பிலோ விடுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும்.

முற்றம்

மழை உள்ளே வருகிறது, கொசு வருகிறது, காக்கை வருகிறது என்று முற்றத்தைக் கண்ணாடியாலோ பாலிகார்பனேட்டாலோ மூடிவிடத் தோன்றும். மூடினால் மேலே போக வேண்டிய சூடான காற்று உள்ளேயே நிற்கும். எல்லா அறையிலும் பகலிலும் ஏசி ஓடும். மூடியே ஆக வேண்டும் என்றால், கூரை மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்றடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி சாய்வுப் பட்டைகள் வையுங்கள். கொசுவலை அறைக் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் போதும்.

வடிகாலைப் புதுப்பிக்காமல் தளம் போடாதீர்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. முற்றமும் அதை நோக்கிச் சரியும் கூரையும் சேர்ந்து 1,500 சதுர அடி என்றால், அன்று அந்த ஒரு முற்றத்தில் இறங்கியது 60,000 லிட்டருக்கு மேல். மணிக்கு பத்து சென்டிமீட்டர் வேகத்தில் பெய்யும் நேரத்தில் நொடிக்கு நான்கு லிட்டர் வரும். நூறடிக்கு ஓரடி சரிவில் ஒரு நான்கங்குலக் குழாய் சுத்தமாக இருந்தால் இதைச் சமாளித்துவிடும். ஒரு பாதாம் இலை வாயில் ஒட்டிக்கொண்டால் முடியாது. எனவே ஆறங்குலக் குழாய் ஒன்று, எதிர் மூலையில் கொஞ்சம் உயரத்தில் இரண்டாவது வழி ஒன்று. இரண்டுக்கும் கையால் தூக்கி எடுக்கும்படி சல்லடை. குளியலறைக் கழிவுநீரை இந்த வடிகாலில் சேர்க்கவே கூடாது. பெருமழையில் தெரு நிரம்பினால் அது திரும்பி முற்றத்துக்கே வரும்.

விருந்தினருக்காகச் செய்யும் சின்ன மாற்றங்கள்

பழைய மாடிப்படி செங்குத்தானது, குறுகலானது. மாற்ற வேண்டாம், இரு பக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு படி நுனியிலும் வெளிச்சம். நிலைக்கதவின் உயரம் குறைவாக இருந்தால் மேல்கட்டையில் தெளிவான அடையாளம் போதும், நிலையை அறுப்பது பாவம். வீட்டுக்கு வெளியேறும் வழி பெரும்பாலும் நடை ஒன்றுதான். ஆகவே சமையலறையை நடையிலிருந்து விலக்கி வையுங்கள், மாடியில் ஒன்றும் கீழே இரண்டுமாகத் தீயணைப்பான் மாட்டுங்கள்.

பராமரிப்பில் ஒரு விஷயத்தை ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: ஆசிட் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. ஆத்தங்குடிக் கல்லும், சிவப்பு ஆக்சைடு தரையும், சுண்ணாம்புப் பூச்சும் ஆசிட் பட்டால் நுரைத்துப் பொரிந்துவிடும். ஒரு தடவை போன மெருகு திரும்ப வராது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் போதும். குளிக்கும் இடத்தில் ஆத்தங்குடிக் கல் பதிக்காதீர்கள், வழுக்கும்.

உரிமங்களைப் பொறுத்தவரை நகராட்சி, சுற்றுலாத் துறை, உணவுப் பதிவு ஆகியவை தவிர, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பழைய பத்திரங்கள் சில பிரெஞ்சில், நொத்தேர் (பிரெஞ்சுச் சட்டப்படி பத்திரம் எழுதும் அலுவலர்) எழுதியவை. அவற்றில் பொதுச்சுவர் யாருடையது என்பது இருக்கலாம். மொழிபெயர்த்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும். பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டும்போது அந்தச் சுவர் ஒரு பக்க ஆதாரத்தை இழக்கும். அவர் அடித்தளம் தோண்டும் முன் உங்கள் பக்கம் சாய்வு முட்டுகள் நிற்க வேண்டும். இடிபடும் பக்கம் உத்திரக் குழிகள் திறந்து கிடந்தால், செங்கல் வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் அன்றே அடைத்துவிடச் சொல்லுங்கள்.

தெருவுக்குத் தர வேண்டியது

2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர்ப்புற உதவித் திட்டத்தின் துணையோடு, இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நேவ்-சூர்-லோத்தும் பங்காளிகளாக இருக்க, கால்வே சுப்பராய செட்டி வீதி என்கிற வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு மீட்டது. அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அங்கே ஒரே ஒரு மாளிகையை மட்டும் மின்ன வைக்கவில்லை. வரிசையாகத் தாழ்வாரங்களும் தூண்களும் திரும்பி வந்ததால், ஒரு தெரு முழுவதும் மறுபடி தெருவானது. தங்கும் வீடு நடத்துபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தாழ்வாரம்தான். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று முதலில் பலியாவது அதுவே. காரைக்குடியில் வாங்கிய பருமனான தூண்களை அங்கே நட்டால் தெருவின் அளவு கெடும். புதுச்சேரித் தாழ்வாரத் தூண் மெல்லியது.

தண்ணீரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே ஊரில் பெரிய சாட்சி ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி மன்றம்) கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. வீடுகளில் இது இவ்வளவு பகிரங்கமாக நடக்காது. ஒரு மாடி அறையின் உத்திரம் ஒருநாள் இறங்கும், அவ்வளவுதான்.

எனவே வருடத்தில் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன்பதிவு எடுக்காதீர்கள். அந்த வாரம் மொட்டை மாடித் தட்டோட்டின் இணைப்புகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுவதற்கு. அரச மரக் கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவதற்கு. முற்றத்து வடிகாலில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றித் தெருவில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதற்கு. ஓடு நகர்ந்திருந்தால் சரிசெய்வதற்கு. ஒவ்வொரு உத்திர நுனியிலும் ஊசி உளியை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பதற்கு. சென்ற வருடம் எவ்வளவு இறங்கியது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், எந்த மாடி அறையின் குளியலறையை இந்த வருடம் மூட வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.